வாசல் படியை உடைத்துக் கட்டுவதா, மேலே பூசிவிடுவதா?

நீங்கள் எழுதியதைச் சுருக்கிச் சொல்கிறேன், தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் திருத்துங்கள். கடலூர்ப் பக்கம், கடலிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள், களிமண் நிலத்தில் இருபத்தைந்து வருடத்துக்கு முன் கட்டிய வீடு. முற்றத்திலிருந்து திண்ணைக்கு ஏற நாலடி அகலத்தில் நாலு கான்கிரீட் படிகள். மொத்த உயரம் இரண்டரை அடி. முனைகள் உடைந்து, மேல்பூச்சு செதில் செதிலாகப் பெயர்ந்து, ஒரு மூலையில் துருப்பிடித்த கம்பி தெரிகிறது. திண்ணைச் சுவருக்கும் படிக்கும் நடுவே விரல் நுழையும் அளவு இடைவெளி விழுந்திருக்கிறது. ஒரு கொத்தனார் “உடைக்கவே வேண்டாம், மேலே ரெண்டு இஞ்சு கான்கிரீட் போட்டு கிரானைட் ஒட்டிடலாம், ரெண்டு நாள் வேலை” என்கிறார். இன்னொருவர் “முழுசா உடைச்சு 12 எம்.எம். கம்பி கட்டி ஆர்சிசி போடணும்” என்கிறார். அம்மாவுக்கு எழுபது வயதுக்கு மேல். தை மாதம் வீட்டில் விசேஷம். யார் சொல்வது சரி?

கேள்வி கான்கிரீட்டைப் பற்றியது போலத் தெரிந்தாலும், விடை இருப்பது படிக்குக் கீழே உள்ள மண்ணில். கட்டட வேலையில், அதிலும் பழுது பார்க்கும் வேலையில், பல வருடம் இருந்ததை வைத்துச் சொல்கிறேன்: படி தேய்ந்துபோனதற்காக உடைப்பது அரிது, படி நகர்ந்துவிட்டதற்காக உடைப்பதுதான் அதிகம். உங்கள் படி நகர்ந்திருக்கிறது. அதனால் இரண்டாமவர் சொன்னபடி உடைக்க வேண்டும். ஆனால் அவர் சொன்ன கம்பி வேண்டாம். காரணங்களைச் சொல்கிறேன்.

முதல் கொத்தனாரின் யோசனையைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டரை அடி என்றால் முப்பது இஞ்சு. நாலு படி ஏறி ஐந்தாவது எட்டில் திண்ணை, ஆக ஐந்து ஏற்றம், ஒவ்வொன்றும் சுமார் ஆறு இஞ்சு. இப்போது எல்லாப் படியிலும் இரண்டு இஞ்சு கான்கிரீட், அதற்கு மேல் கிரானைட், அதன் அடியில் கலவை என்று சேர்த்தால் மூன்றரை இஞ்சு கூடும். நடுவில் உள்ள ஏற்றங்கள் மாறாது, ஏனென்றால் மேல்படி, கீழ்ப்படி இரண்டும் ஒரே அளவு உயர்கின்றன. ஆனால் முற்றமும் உயராது, திண்ணையும் உயராது. அதனால் முதல் படி ஒன்பதரை இஞ்சாகிவிடும், கடைசி ஏற்றம் இரண்டரை இஞ்சாகிவிடும். வீட்டுப் படியின் ஏற்றம் 190 மில்லிமீட்டருக்கு, அதாவது ஏழரை இஞ்சுக்கு மேல் போகக் கூடாது, கால் வைக்கும் அகலம் 250 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்கிறது 2016-ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு. எழுபது வயதுக்காரர் ஒன்பதரை இஞ்சு ஏறுவது சிரமம் என்பது தெரிந்ததுதான். அதைவிட ஆபத்து மேலே இருக்கும் அந்த இரண்டரை இஞ்சு. முதல் இரண்டு படியிலேயே கால் ஓர் உயரத்துக்குப் பழகிவிடுகிறது. அதே உயரத்தை எதிர்பார்த்து வைக்கும் கால், படி மாறினால் தடுமாறும். இறங்கும்போது இன்னும் மோசம். விசேஷத்துக்கு வருகிறவர்களில் யாராவது ஒருவர் அங்கே விழுவார்.

கிரானைட்டை விட்டுவிட்டு மெல்லிசாகச் சிமென்ட் மட்டும் பூசலாமே என்றால், அடியில் இருப்பது உறுதியாக இருந்து முனை மட்டும் உடைந்திருந்தால் பூசலாம். அதற்கு ஒரு சோதனை உண்டு. சின்னச் சுத்தியலால் படி முழுவதும் தட்டிக்கொண்டே வாருங்கள். ‘கிண்’ என்று கேட்டால் நல்லது. ‘பொத்’ என்று கேட்கும் இடங்களில் மேல்பூச்சு அடியை விட்டுப் பிரிந்திருக்கிறது. அப்படி ஓரிரு இடம்தான், இடைவெளியும் இல்லை, கம்பியும் தெரியவில்லை என்றால், தளர்ந்ததைச் செதுக்கி எடுத்து, ஓரங்களைச் செங்குத்தாக வெட்டி, நன்றாக நனைத்து, எஸ்.பி.ஆர். வகை லேடெக்ஸ் கலந்த கலவையால் முனையைக் கட்டலாம். பல வருடம் நிற்கும். ஓரத்தில் காகிதம் போல் மெலிந்து முடியும் பூச்சு மட்டும் எந்த ரசாயனம் கலந்தாலும் நிற்காது, முதல் கோடையிலேயே பெயரும். ஒட்டுவதற்கென்று கடையில் கொடுக்கும் பி.வி.ஏ. வகைத் திரவத்தையும் மழை படும் படிக்கு வாங்காதீர்கள், ஈரம் பட்டால் அது மறுபடி இளகும். ஆனால் இதெல்லாம் உங்கள் படிக்குப் பொருந்தாது. நகர்கிற படியின் மேல் எதைப் பூசினாலும் அதுவும் சேர்ந்து நகரும்.

இனி அந்த இடைவெளி. அதன் வடிவம் நிறையச் சொல்லும். மேலே அகலமாகவும் கீழே குறுகலாகவும் இருந்தால், படியின் முன்பகுதி இறங்கி மொத்தக் கட்டும் முன்பக்கம் சாய்கிறது. மேலும் கீழும் ஒரே அகலம் என்றால் படி வெளியே நகர்ந்திருக்கலாம், அல்லது கட்டும்போது விட்ட பூச்சு மட்டும் உதிர்ந்திருக்கலாம். பங்குனி, சித்திரையில் விரிந்து, ஐப்பசி மழைக்குப் பிறகு குறைகிறதா என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள். குறைகிறது என்றால் களிமண் வீங்கிச் சுருங்கும் வேலை அது. நீங்கள் அனுப்பிய படத்தைப் பார்த்து இதில் எது என்று என்னால் சொல்ல முடியாது. நேரில் வருகிறவர்கூட உடைத்துப் பார்த்த பிறகுதான் உறுதியாகச் சொல்வார். ஒன்றை மட்டும் ஏறக்குறைய நிச்சயமாகச் சொல்லலாம்: அந்தக் காலத்தில் வீட்டுக்குத்தான் கடைக்கால் தோண்டுவார்கள், படிக்குத் தோண்ட மாட்டார்கள். கடைக்கால் தோண்டிய மண்ணையும் உடைந்த செங்கல்லையும் திண்ணையோரம் கொட்டி நிரவி, அதன் மேல் படியைக் கட்டிவிட்டுப் போவார்கள். திமிசுக்கட்டை போட்டு இடிக்காத அந்த மண் வருடக்கணக்கில் அமர்ந்துகொண்டே இருக்கும்.

அதோடு தண்ணீர் எங்கே விழுகிறது என்றும் பாருங்கள். திண்ணையைக் கழுவி விடும் குழாய், சன்ஷேடிலிருந்து ஒழுகும் மழை, வாஷிங் மெஷின் தண்ணீர் என்று ஏதாவது படியின் பக்கவாட்டில் இறங்கினால், அடியில் உள்ள மண்ணை அரித்துக்கொண்டு போகும். அதைத் திருப்பி விடாமல் புதுப்படி கட்டினால் அதுவும் அதே வழியில்தான் போகும். படியை உடைப்பதற்கு முன் அந்தக் குழாயை மாற்றச் சொல்லுங்கள், செலவு சில நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும்.

கம்பி விஷயத்துக்கு வருகிறேன். கான்கிரீட்டில் கம்பி வைப்பது, அது வளையும் இடத்தில் இழுவிசையைத் தாங்குவதற்கு. அடியில் வெற்றிடம் இருந்தால்தான் படி வளையும். சாக்கடை மேல் நிற்கும் படி, அடியில் பொருள் வைக்க இடம் விட்ட படி, இவற்றுக்குக் கம்பி கட்டாயம். உங்களுடையது மண் மேல் முழுக்க உட்காரும் படி. அழுத்தம் மட்டும்தான் வருகிறது, அதைக் கான்கிரீட் தனியாகவே தாங்கும். இங்கே கம்பி வைத்தால் லாபம் மிகக் குறைவு, நஷ்டமோ உறுதி. கடற்காற்று படும் இடத்தில் கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் கான்கிரீட் மூடியிருக்க வேண்டும் என்கிறது இந்திய கான்கிரீட் தரக்குறியீடான ஐ.எஸ். 456. படி வேலையில் கம்பியை விளிம்பிலிருந்து தள்ளி நிறுத்தும் கவர் பிளாக் என்ற சின்னக் கட்டைகளை வைத்து அந்த 45 மில்லிமீட்டரைக் காப்பாற்றும் கொத்தனாரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். முனைக்குப் பக்கத்தில் அரை இஞ்சு மூடலோடு கம்பி போகும், உப்பு உள்ளே இறங்கும், துரு பிடிக்கும். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்பதால் உள்ளிருந்தே முனையைப் பிளந்துவிடும். உங்கள் பழைய படியின் மூலை உடைந்த கதை அநேகமாக இதுதான். கம்பி இல்லாதிருந்தால் அந்த மூலை இன்றும் இருந்திருக்கும். அகலம் ஆறடிக்கு மேல் போனால் கம்பியில்லாப் படியில் நடுவே வெடிப்பு விழ வாய்ப்புண்டு, அப்போது நடுவில் ஓர் இணைப்பு விட வேண்டும். உங்கள் நாலடிக்கு அது தேவைப்படாது.

படிகளுக்கு அடியில் போடும் கான்கிரீட் அடித்தளப் பலகைக்கு மட்டும் 8 எம்.எம். கம்பி வலை போடலாமா என்பதில் பொறியாளர்களுக்குள்ளேயே இரண்டு கருத்து உண்டு. களிமண்ணில் போடுவது நல்லது என்பவர்களின் வாதத்தில் நியாயம் இருக்கிறது, அடிமண் ஓரிடத்தில் இறங்கினாலும் பலகை உடையாமல் பாலம் போல நிற்கும். போடுவதானால் எல்லாப் பக்கமும் இரண்டு இஞ்சு மூடல் இருக்கட்டும். படிகளுக்குள் மட்டும் வேண்டாம்.

இதைவிடப் பெரிய கருத்து வேறுபாடு, புதுப்படியைத் திண்ணையோடு இணைப்பதா, பிரித்து வைப்பதா என்பது. திண்ணைச் சுவரில் துளையிட்டுக் கம்பி செருகிப் படியைக் கட்டிவிட்டால் மறுபடி இடைவெளி விழாது என்பார்கள். உறுதியான செம்மண்ணிலோ பாறையிலோ அது நடக்கும். களிமண்ணில் வீடு ஆழத்தில் நிற்கிறது, படி மேலாக நிற்கிறது. மேல்மண் ஒவ்வொரு பருவத்திலும் ஏறி இறங்கும். அந்த அசைவு பல அடி ஆழம் வரை போகும். நாலு படிக்காக அவ்வளவு ஆழம் யாரும் தோண்டப் போவதில்லை. ஆகவே படி கொஞ்சம் அசையும் என்று ஒப்புக்கொண்டு கட்டுவதுதான் சரி என்பது என் முடிவு. திண்ணைச் சுவருக்கும் படிக்கும் நடுவில் அரை இஞ்சு தெர்மாகோல் பலகையை வைத்துக் கான்கிரீட் போடுங்கள். பிறகு மேல் விளிம்பில் தெர்மாகோலை அரை இஞ்சு ஆழம் சுரண்டி எடுத்துவிட்டு, ரப்பர் போல இழுபடும் பி.யு. சீலன்ட் அடையுங்கள். சிமென்டால் அடைக்கக் கூடாது. சீலன்ட் சில வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டியது, அதை ஒரு குறையாக நினைக்க வேண்டாம். அந்த இடுக்கைத் திறந்து விட்டால் தண்ணீர் இறங்கும், கரையானும் அந்த வழியாகத்தான் ஏறி வாசற்காலைத் தேடும். உடைத்துத் தோண்டியதுமே கரையான் மருந்து அடித்துவிடுவது நல்லது, பிறகு அந்த மண்ணைப் பார்க்கும் வாய்ப்பே கிடைக்காது.

உடைக்க ஆரம்பிப்பதற்கு முன் ஒரு விசாரணை. நம் ஊரில் வாசல் படிக்கு அடியிலும் பக்கத்திலும் என்னென்னவோ இருக்கும்: தண்ணீர்த் தொட்டி, செப்டிக் டேங்க் மூடி, தெருக் குழாயிலிருந்து வரும் இணைப்பு, மின்சார எர்த் குழி. வீடு கட்டியபோது கூட இருந்தவர் யாராவது இருந்தால் கேளுங்கள். பிரேக்கர் மெஷின் எர்த் கம்பியை அறுத்தால் அன்று ஒன்றும் தெரியாது, வேறு ஒரு நாளில் ஷாக் அடிக்கும்.

உடைத்தபின் பழைய மண்ணைத் தளர்வாக இருக்கும் வரை வாரி எடுக்கச் சொல்லுங்கள். குறைந்தது ஒன்றரை அடி. ‘பழைய ரப்பீஸையே உள்ளே போட்டு நிரப்பிடலாம்’ என்று சொல்வார்கள், அதற்கு மட்டும் சம்மதிக்காதீர்கள். இரண்டாவது முறை இதே இடத்தில் இதே பிரச்சினை வருவது அதனால்தான். கிராவலோ எம்-சாண்ட் கலந்த ஜல்லித்தூளோ கொட்டி, ஆறு இஞ்சுக்கு ஒரு அடுக்காக நனைத்து இடித்து வர வேண்டும். மொத்தமாகக் கொட்டி மேலே மட்டும் இடித்தால் மேல் ஆறு இஞ்சுதான் இறுகும். முன்பக்க விளிம்பில் மட்டும் ஒன்பது இஞ்சு அகலத்துக்குக் கூடுதலாக ஓரடி ஆழம் இறக்கி அடித்தளத்தோடு சேர்த்துக் கான்கிரீட் போட்டால், மழைத் தண்ணீர் முன்னாலிருந்து அடிமண்ணை அரிக்காது. அதன் மேல் நாலு இஞ்சு அடித்தளம், அதற்கு மேல் படிகள்.

கலவை 1:1½:3, அதாவது சிமென்ட் ஒன்று, மணல் ஒன்றரை, ஜல்லி மூன்று; ஜல்லி முக்கால் இஞ்சு. சட்டியால் அள்ளிப் போடாமல் பெட்டி வைத்து அளக்கட்டும், ஒரு சிமென்ட் மூட்டை ஒன்றேகால் கன அடி. நாலடி அகலம், கால் வைக்கும் மிதி பதினோரு இஞ்சு, ஆறு இஞ்சு ஏற்றம் என்று எடுத்தால் அடித்தளத்தோடு சுமார் 24 கன அடி கான்கிரீட் வரும், ஏறக்குறைய ஆறு மூட்டை சிமென்ட். முன்பக்கம் இறக்கும் விளிம்புக்கு அரை மூட்டையோ முக்கால் மூட்டையோ கூடும். பெரிய செலவு இதில் இல்லை, கூலியிலும் உடைத்ததை ஏற்றி அனுப்புவதிலும்தான் காசு போகும். தண்ணீர் மூட்டைக்கு 25 லிட்டர், மணல் ஈரமாக இருந்தால் அதைவிடக் குறைவு. இருபது லிட்டர் பெயின்ட் வாளியில் ஒன்றேகால் வாளி. வேலை சுலபமாக ஓட வேண்டும் என்று இரண்டு வாளி ஊற்றுவார்கள், மேல்பூச்சு செதிலாக வருவதற்கு முக்கியக் காரணமே அந்த அதிகத் தண்ணீர்தான். உங்கள் போர்த் தண்ணீர் உப்பு என்று எழுதியிருந்தீர்கள். ஐ.எஸ். 456 கணக்கில் கம்பியுள்ள கான்கிரீட்டுக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் குளோரைடு வரைதான், கம்பியில்லாததற்கு 2000 வரை போகலாம். கம்பி வேண்டாம் என்று சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். கடையில் விற்கும் டி.டி.எஸ். மீட்டர் கரைந்த உப்புகளை மொத்தமாகத்தான் காட்டும், குளோரைடைத் தனியாகக் காட்டாது. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுத்துப் பார்க்கலாம். அடித்தளத்துக்குக் கம்பி வலை போடுகிறீர்கள் என்றால் இவ்வளவு சின்ன வேலைக்கு லாரித் தண்ணீர் வாங்கிவிடுவதே எளிது.

ஒவ்வொரு மிதியும் முன்பக்கமாக ஐந்து மில்லிமீட்டர் சரிவாக இருக்கட்டும், தண்ணீர் தங்கினால் பாசி பிடிக்கும். எல்லா ஏற்றமும் ஒரே அளவாக இருக்கிறதா என்பதைப் பலகை அடித்ததுமே டேப் வைத்து நீங்களே அளந்து பாருங்கள். கான்கிரீட் போட்டபின் அளந்து பயனில்லை. பிற்பாடு முற்றத்துக்கு டைல்ஸ் போடும் எண்ணம் இருந்தால் அந்த உயரத்தையும் இப்போதே கணக்கில் சேருங்கள். பக்கப் பலகையை மறுநாள் பிரிக்கலாம். சாக்கு போட்டுத் தண்ணீர் விடுவது சாதாரண சிமென்டுக்கு ஏழு நாள், இப்போது கடைகளில் அதிகம் கிடைக்கும், சாம்பல் கலந்த பி.பி.சி. வகைக்குக் குறைந்தது பத்து நாள், பதினான்கு நாள் விட்டால் இன்னும் நல்லது. முதல் மூன்று நாள் பின்வாசலைப் பயன்படுத்துங்கள்.

மேல்பரப்பு பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லத் தோன்றுகிறது. பளபளக்கும் கிரானைட்டை வெளிப்படிக்கு ஒட்டும் வழக்கம் எனக்குப் பிடிப்பதே இல்லை. தினமும் காலையில் வாசல் தெளிக்கிற வீட்டில், ஈரக்காலோடு ஏறுகிற எழுபது வயதுக்காரருக்கு அது பனிக்கட்டிக்குச் சமம். சாந்து இறுகும் நேரம் பார்த்துத் தென்னந்துடைப்பத்தால் குறுக்கே ஒரு இழுப்பு இழுத்துவிட்ட வெறும் கான்கிரீட்டே போதும், முனையைக் கொஞ்சம் உருட்டிவிடுங்கள். வீட்டில் கல்தான் வேண்டும் என்றால் நெருப்பில் காட்டிச் சொரசொரப்பாக்கிய ‘ஃபிளேம்’ கிரானைட்டோ பாலிஷ் போடாத கடப்பாவோ வாங்குங்கள், முனை வெளியே அரை இஞ்சுக்கு மேல் நீட்ட வேண்டாம், ஏறும்போது கால்விரல் மாட்டும். கல்லின் கனத்தையும் அதன் அடிக்கலவையையும் திட்டமிடும்போதே உயரத்தில் சேர்த்துவிட்டால் முதலில் சொன்ன ஏற்றக் கோளாறு வராது.

கைப்பிடி கட்டாயம் வையுங்கள், தொண்ணூறு சென்டிமீட்டர் உயரம், கை முழுதாகச் சுற்றிப் பிடிக்கும் அளவு குழாய். இரும்புக் குழாயைப் படிக்குள் நட்டுச் சிமென்ட் வைக்க வேண்டாம். துரு பிடித்து அதே மூலையை மறுபடி பிளக்கும். துருப்பிடிக்காத எஃகில் 316 தரம் கடற்காற்றைத் தாங்கும், 304 கொஞ்ச நாளில் புள்ளி புள்ளியாகப் பழுப்படிக்கும். அடித்தட்டு வைத்து போல்ட் போட்டால், கெட்டுப்போனால் கழற்றி மாற்றலாம்.

படி எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருக்க வேண்டும் என்று அம்மா சொல்லக்கூடும். திண்ணையையும் சேர்த்து எண்ணினால் ஐந்து, சேர்க்காமல் எண்ணினால் நாலு. எப்படி எண்ணுவது என்பதில் ஊருக்கு ஊர் வேறுபாடு உண்டு, இதில் நான் தலையிடவில்லை. ஐந்து ஏற்றம் ஆறு இஞ்சாகச் சரியாகப் பிரிகிறது. ஏழாக்கினால் ஏற்றம் நாலேகால் இஞ்சுக்கு இறங்கிவிடும், முற்றத்தில் இன்னும் ஏறக்குறைய இரண்டடி இடமும் போகும். ஐந்தாகவே எண்ணச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள்.

கடைசியாக நேரம். கடலூரில் அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் வரை மழை. அந்தக் களிமண்ணில் அப்போது குழி தோண்டினால் தண்ணீர்தான் நிற்கும், சேற்றின் மேல் எதையும் இடித்து இறுக்க முடியாது. புரட்டாசிக்குள் முடிக்க முடிந்தால் தொடங்குங்கள். இல்லையென்றால் தை விசேஷத்துக்காக அவசரப்பட வேண்டாம். தளர்ந்த முனைகளை மட்டும் தட்டி எடுத்து, துருத்தி நிற்கும் கம்பியை வெட்டி, உடைந்த மூலையை ஒரு பங்கு சிமென்டுக்கு மூன்று பங்கு மணல் கலவையால் தற்காலிகமாக நிரப்பி, சுவரோரமாக ஒரு கைப்பிடியைச் சுவரிலேயே பொருத்திக்கொள்ளுங்கள். அந்த ஒட்டு ஆறு மாதம் தாங்கும். மாசி, பங்குனியில் நிலம் காய்ந்ததும் உடைக்கலாம். கைப்பிடியைச் சுவரில் வைத்துவிட்டால் படியை உடைக்கும்போது அதைக் கழற்றவும் வேண்டாம்.